அதிபர் பதவி முடிந்த பிறகு: ஜான் குவின்சி ஆடம்ஸ் பற்றி ஓர் இழை

கரிசல்மண்

அமெரிக்காவின் தொடக்ககால அதிபர்கள் என்றதும் வாஷிங்டன், ஜெபர்சன் என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம். பிறகு ஒரே தாவலில் ஆண்ட்ரூ ஜாக்சன். ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு இடையில் கிடைப்பது ஒரு பத்திதான்: இரண்டாவது அதிபரின் மகன், 1825 முதல் 1829 வரை ஆண்டார், மறுதேர்தலில் ஜாக்சனிடம் தோற்றார், முடிந்தது கதை.

என் கட்சி வேறு. அவருடைய கதை அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தோற்று வீடு திரும்பியபோது அவருக்கு வயது 61. மறு ஆண்டே பிளிமத் தொகுதி மக்கள் அவரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் அவைக்கு அனுப்ப விரும்பினார்கள். நாட்டின் தலைமைப் பதவியில் இருந்தவர் இருநூறு பேரில் ஒருவராகப் போய் உட்காருவது இழுக்கல்லவா என்று பேச்சு எழுந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தால் ஊராட்சி உறுப்பினராக இருப்பதுகூட ஒரு முன்னாள் அதிபருக்கு இழுக்காகாது என்று அவர் பதில் சொன்னார். 1830-ல் வென்றார். அதிபராகத் தேர்வானபோது இதில் பாதி மனநிறைவுகூட இருந்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். 1831 டிசம்பரில் அவைக்குள் நுழைந்தவர் 1848-ல் அதே கட்டடத்தில் உயிர்விடும்வரை உறுப்பினராகவே இருந்தார். அதிபராக இருந்துவிட்டுப் பிரதிநிதிகள் அவைக்குப் போனவர் இன்றுவரை இவர் ஒருவர்தான்.

அந்தப் பதினேழு ஆண்டுகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். முந்தைய வாழ்க்கையைப் பற்றித் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள்.

பனையோலை

அப்படியானால் நான் தொடக்கத்திலிருந்து வருகிறேன். இந்த மனிதரின் பிள்ளைப் பருவம் தெரியாமல் முதுமைப் பிடிவாதம் புரியாது.

1775 ஜூன் 17. பாஸ்டனுக்குத் தெற்கே பிரெய்ன்ட்ரீ என்ற ஊர். பையனுக்கு எட்டு வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. தந்தை ஜான் ஆடம்ஸ் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூட்டத்தில் இருக்கிறார். தாய் அபிகெயில் அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பென்ஸ் குன்றின்மேல் ஏறுகிறார். அங்கிருந்து பார்த்தால் ஆங்கிலேயருக்கு எதிரான விடுதலைப் போரின் பங்கர் ஹில் சண்டையின் புகையும், சார்ல்ஸ்டவுன் ஊரே தீப்பிடித்து எரிவதும் தெரிகின்றன. அன்று இறந்தவர்களில் ஒருவர் ஜோசப் வாரன், அந்தக் குடும்பத்தின் மருத்துவர். முறிந்துபோன பையனின் ஆள்காட்டி விரலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்தான். விரல் இருக்கிறது, காப்பாற்றிய கை இல்லை. போரில் இறந்தவர்களுக்கான ஓர் இரங்கற்பாவைத் தினமும் காலையில் படுக்கையைவிட்டு எழும் முன் இறைவேண்டலோடு சேர்த்துச் சொல்லும்படி தாய் பழக்கினார். எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் இதையெல்லாம் எழுதும்போதும் அந்தப் பாட்டு அவருக்கு வரிவரியாக நினைவிருந்தது.

பத்து வயதில் தந்தையோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். மறுமுறை 1779 இறுதியில் போனபோது கப்பலில் ஓட்டை. தண்ணீரை இறைத்துக்கொண்டே ஸ்பெயினின் பெரோல் துறைமுகத்தில் கரை சேர்ந்தார்கள். அங்கிருந்து குளிர்காலத்தில், கோவேறு கழுதைகளில், மலை தாண்டி பிரான்சுக்கு. பதினான்கு வயதில் அமெரிக்கத் தூதர் பிரான்சிஸ் டேனாவுக்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராக ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்விட்டார். நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் வயது அது.

நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் அந்த 1779 பயணத்தில்தான். அதன்பிறகு கடைசிவரை விடவில்லை. இன்று அது 51 தொகுதிகளாக மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. கை நடுங்கத் தொடங்கிய முதுமையிலும் எழுதினார். பங்கர் ஹில்லைக் கண்ணால் பார்த்தவர் 1840-களின் காங்கிரஸில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவையில் இருந்த இளையவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வடக்குவாசல்

இருவரும் அன்போடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் அதிபரான விதத்தைத் தாண்டிப் போக நான் விடமாட்டேன்.

1824 தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகள் மொத்தம் 261. வெல்ல 131 வேண்டும். ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராபர்ட் 41, ஹென்றி கிளே 37. மக்கள் வாக்கிலும் ஜாக்சனே முன்னால். யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போனது. அங்கே ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. முதல் மூவரே போட்டியில் இருக்கலாம் என்பதால் கிளே விலகி நின்றார். ஆனால் அவர்தான் அவையின் சபாநாயகர்.

1825 ஜனவரி 9 மாலை ஆறு மணிக்குக் கிளே தன் வீட்டுக்கு வந்ததாகவும், நடந்தவற்றையும் வரப்போவதையும் பற்றி நெடுநேரம் பேசியதாகவும் ஆடம்ஸே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்ற விவரம் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவர் இதை எழுதவில்லை. பிப்ரவரி 9-ல் 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸுக்கு. அடுத்த சில நாட்களில் கிளேதான் வெளியுறவு அமைச்சர் என்று செய்தி. அந்தக் காலத்தில் வெளியுறவு அமைச்சர் பதவி அதிபர் நாற்காலிக்கு முந்தைய படி. "ஊழல் பேரம்" என்று ஜாக்சன் தரப்பு நான்கு ஆண்டுகள் கத்தியது என்றால் அந்தக் கத்தலுக்கு முகாந்திரம் இருந்தது.

நேர்மையாளர் என்று ஒருவரைக் கொண்டாடும் முன் இதற்குப் பதில் வேண்டும்.

கரிசல்மண்

நியாயமான கேள்வி. பதவிக்காக வெளிப்படையாக ஒப்பந்தம் நடந்ததற்குச் சான்று கிடையாது. ஆனால் கிளேயை அமைச்சராக்கியது பெரும் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று எண்ணியிருக்க வேண்டும், எண்ணவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மக்கள் வாக்கு என்று நீங்கள் சொல்லும் கணக்கில் ஆறு மாநிலங்கள் இல்லை. நியூயார்க் உட்பட அந்த ஆறிலும் தேர்வாளர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன.

அவருடைய ஆட்சி தோற்றது அந்தப் பழியால் மட்டுமல்ல. அரசியல் செய்ய அவருக்கு வரவில்லை. 1825 டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் உரையில் தேசியப் பல்கலைக்கழகம், சாலைகள், கால்வாய்கள், வானாய்வு நிலையம் எல்லாம் கேட்டார். ஐரோப்பாவில் நூற்றுக்கு மேல் வானாய்வு நிலையங்கள் இருக்க, அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லையே என்று வருந்தி, அவற்றை "வானத்தின் கலங்கரை விளக்கங்கள்" என்றார். அந்த ஒரு சொற்றொடரை வைத்தே எதிரிகள் பல ஆண்டுகள் அவரைக் கேலி செய்தார்கள். அதே உரையில், வாக்காளர்களின் விருப்பத்தைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்கக் கூடாது என்று உறுப்பினர்களுக்குச் சொன்னார். மக்கள் வாக்கில் பின்தங்கி வந்தவர் இதைச் சொன்னால் யார் பொறுப்பார்கள்?

அஞ்சல் துறைத் தலைவர் ஜான் மெக்லீன் ஜாக்சனுக்காக வேலை செய்கிறார் என்று நண்பர்கள் முட்டிக்கொண்டார்கள். வேலையை ஒழுங்காகச் செய்கிறவரை அரசியலுக்காக நீக்கமாட்டேன் என்று இருந்துவிட்டார். இதை முட்டாள்தனம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மரியாதையே கூடுகிறது.

அந்த நான்கு ஆண்டுகளில் மக்கள் அவரை மனமாரக் கைதட்டி ஏற்ற நிகழ்ச்சி என்று எனக்குத் தோன்றுவது ஒன்று. 1828 ஜூலை 4, செசபீக் – ஒஹாயோ கால்வாய்க்கு முதல் மண் வெட்டும் விழா. மண்வெட்டியை அழுத்தினால் வேரில் மாட்டிக்கொண்டது. மறுபடி அழுத்தினார், இறங்கவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மீண்டும் வெட்டினார். மண் வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவ்வளவு பெரிய உரைகள் செய்யாததை அந்தக் கோட்டைக் கழற்றியது செய்தது. ஆனால் இலையுதிர்காலத் தேர்தலில் 178-க்கு 83 என்று தோற்றார்.

ஏட்டுச்சுவடி

நான் வாசிப்பதோடு சரி, இங்கே எழுதுவது குறைவு. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் மக்கள் தரும் மனுக்களை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் ஆடம்ஸின் பிற்காலப் போராட்டம் என் நெஞ்சுக்கு மிக அருகில் இருக்கிறது.

மனு ஏற்கப்படுவது வேறு, மனு பெறப்படுவது வேறு. ஏற்பதும் தள்ளுபடி செய்வதும் அதிகாரியின் முடிவு. ஆனால் பெறுவது என்பது மனுதாரர் ஒரு மனிதர், அவர் சொல்ல வந்தது காதில் விழுந்தது என்பதற்கான ஒப்புகை. பதிவெண் போடாத மனு பிறக்காத பிள்ளை மாதிரி. நிராகரித்தார்கள் என்றுகூடப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

1830-களில் அமெரிக்காவின் வடபகுதி ஊர்களிலிருந்து அடிமை முறைக்கு எதிரான மனுக்கள் பல்லாயிரக்கணக்கில் காங்கிரஸுக்கு வந்து குவிந்தன. தலைநகர் வாஷிங்டன் இருக்கும் கொலம்பியா மாவட்டம் நேரடியாகக் காங்கிரஸின் கையில் இருந்தது. அங்கேயாவது அடிமை முறையையும் அடிமை வணிகத்தையும் ஒழியுங்கள் என்பதே பெரும்பாலான மனுக்களின் வேண்டுகோள். தென்மாநில உறுப்பினர்களுக்கு இந்தப் பேச்சே அவையில் எழக் கூடாது. 1836 மே மாதம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: அடிமை முறையை எந்த வகையில் தொட்டுப் பேசும் மனுவாக இருந்தாலும் அச்சிடப்படாது, குழுவுக்கு அனுப்பப்படாது, மேசைமேல் வைக்கப்படும், அதற்குமேல் எந்த நடவடிக்கையும் இராது. 117-க்கு 68 என்று நிறைவேறியது. இதைத்தான் வாய்ப்பூட்டு விதி என்றார்கள்.

பெயர் கூப்பிட்டு வாக்குக் கேட்டபோது ஆடம்ஸ் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. எழுந்து நின்று, இந்தத் தீர்மானம் அரசியலமைப்புச் சட்டத்தையும் இந்த அவையின் விதிகளையும் என் தொகுதி மக்களின் உரிமைகளையும் நேரடியாக மீறுகிறது என்று முழங்கினார். உட்காரச் சொல்லிக் கூச்சல். அவர் சொல்லி முடித்துவிட்டே உட்கார்ந்தார். அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே குறைதீர்க்க வேண்டி அரசிடம் மனு கொடுக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது என்பது அவருடைய பிடி.

1840-ல் விதி இன்னும் இறுகியது. மேசைமேல் வைப்பதுகூட இல்லை, வாங்கவே கூடாது என்று அவையின் நிலையான விதியாக்கிவிட்டார்கள். என் தொழிலில் இதைவிடக் கொடிய உத்தரவு ஒன்றை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

1837 பிப்ரவரி 6-ல் அவர் செய்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது 22 அடிமைகளிடமிருந்து வந்த மனு என்று தெரிகிறது, இது அந்த விதியின்கீழ் வருமா என்று சபாநாயகரைக் கேட்டார். அப்போது சபாநாயகர் ஜேம்ஸ் போல்க், பின்னாளில் அவரும் அதிபரானவர். அவை கொதித்தது. ஆடம்ஸை வெளியேற்ற வேண்டும், கண்டிக்க வேண்டும், அந்த மனுவைக் கொளுத்த வேண்டும் என்றார்கள். எல்லாரும் கத்தி ஓயும்வரை காத்திருந்துவிட்டு, மனுவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லையே, இது அடிமை ஒழிப்புக்கு எதிரான மனு ஆயிற்றே என்றார். தன்னைக் கேலி செய்ய யாரோ புனைந்து அனுப்பிய தாள் என்ற ஐயம் அவருக்கே இருந்தது. இருந்தும் கேட்டார். மனு என்று வந்தால் கேட்டே ஆக வேண்டும் என்பது அவர் கொள்கை. கண்டனத் தீர்மானம் தோற்றது.

தென்றல்வீடு

ஏட்டுச்சுவடி ஐயா, பதிவெண் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

அந்த மனுக்களில் பெரும்பகுதி பெண்கள் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவை என்பதைச் சேர்க்க வேண்டும். வாக்குரிமை இல்லாத பெண்ணுக்கு அரசிடம் பேச இருந்த ஒரே வாசல் மனு. 1838-ல் டெக்சாஸை நாட்டோடு சேர்ப்பதற்கு எதிராக மாசசூசெட்ஸ் பெண்கள் மனுக்கள் அனுப்பியபோது, மேரிலாந்து உறுப்பினர் ஹோவர்ட், பெண்கள் வீட்டுக் கடமைகளை விட்டு இதற்கெல்லாம் வருவது இழிவு என்றார். ஆடம்ஸ் சும்மா விடவில்லை. அவை கூடும் காலை நேரங்களில் மூன்று வாரம் தொடர்ந்து பேசினார். விவிலியத்தின் தெபோராவையும் எஸ்தரையும் எடுத்துக்காட்டி, பெண்களுக்குப் பொது வாழ்க்கையில் என்ன வேலை என்று கேட்பவர் எந்த நூலைப் படித்தார் என்று கேட்டார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் என் மனத்தில் உள்ளதையும் சொல்ல வேண்டும். இப்படிப் பேசியவர் தன் மனைவியிடம் எப்படி இருந்தார்? லண்டனில் பிறந்த லூயிசாவை 1797-ல் மணந்தார். 1809-ல் ரஷ்யத் தூதர் பதவி வந்தபோது, எட்டு வயது ஜார்ஜையும் ஆறு வயது ஜானையும் ஊரில் விட்டுவிட்டுப் போவதென்று மனைவியைக் கேட்காமலே முடிவு செய்தார். கைக்குழந்தை சார்ல்ஸ் மட்டும் கூட வந்தான். அந்தத் தாய் மூத்த பிள்ளைகளை மீண்டும் பார்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் 1811-ல் ஒரு பெண் குழந்தை பிறந்து, மறு ஆண்டே இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டது.

பிரிட்டனோடு நடந்த 1812 போரை முடிக்கும் உடன்படிக்கைக்காக ஆடம்ஸ் கெண்ட் நகருக்குப் போனார். வேலை முடிந்ததும் பாரிசுக்கு வந்து சேரும்படி மனைவிக்குக் கடிதம் எழுதினார். 1815 பிப்ரவரி 12, தன் நாற்பதாவது பிறந்தநாளன்று, ஏழு வயது சார்ல்ஸோடு வண்டியில் புறப்பட்டார் லூயிசா. ரஷ்யப் பனி, போரில் சிதைந்த ஊர்கள், வழியில் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பிவிட்டான் என்ற செய்தி. அதைக் கேட்டதும் உடன் வந்த வேலையாட்கள் இருவர் மேற்கொண்டு வர மறுத்துவிட்டார்கள். பாரிசை நெருங்கும்போது நெப்போலியனின் படைவீரர்கள் ரஷ்ய வண்டியைக் கண்டு சூழ்ந்துகொண்டார்கள். தன் பிரெஞ்சுப் பேச்சாலும் பதற்றப்படாத முகத்தாலும் அந்தப் பெண்மணி தப்பினார். நாற்பது நாள் பயணம். இதை எழுதாமல் ஆடம்ஸின் வாழ்க்கையை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூத்த மகன் ஜார்ஜ், தந்தையின் கண்டிப்பான கடிதங்களுக்கு நடுவே வளர்ந்து, குடியிலும் மனக்கலக்கத்திலும் விழுந்து, 1829 ஏப்ரலில் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தான். வயது 28. தந்தை பதவி இழந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1834-ல் ஜானும் போனான்.

வடக்குவாசல்

தென்றல்வீடு அம்மா, நல்ல வேளை இதை எழுதினீர்கள். நானும் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். ஆடம்ஸை அடிமை ஒழிப்பு வீரராக்கும் முன் 1831-ஐயும் பாருங்கள். அவைக்கு வந்த முதல் மாதத்தில் பென்சில்வேனியாவின் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் 15 மனுக்களைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கும் கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை என்றும் சொன்னார். 1812 போரில் ஆங்கிலேயரிடம் தப்பிப்போன அடிமைகளுக்காக அவர்களுடைய உடைமையாளர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று பிரிட்டனோடு ஆண்டுக்கணக்கில் வாதாடிய ராஜதந்திரி அவர். 1820-லேயே, அப்போதைய போர்த்துறை அமைச்சர் கால்ஹூனோடு பேசிவிட்டு வந்த இரவு, அடிமை முறை இந்த நாட்டின்மேல் படிந்த பெரும் கறை என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் அதிபராக இருந்த நான்கு ஆண்டுகளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கிரீக் பழங்குடியினர் கதை இன்னும் வலிக்கும். 1825 பிப்ரவரியில் மெக்கின்டோஷ் என்ற தலைவரும் சிலரும், தங்கள் மக்களவையின் ஒப்புதல் இல்லாமல், ஜார்ஜியாவில் இருந்த நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதவியேற்ற சில நாட்களில் ஆடம்ஸ் அதில் கையெழுத்திட்டார். மோசடி தெரிந்ததும் அதை ரத்து செய்து 1826-ல் புது உடன்படிக்கை செய்தது உண்மைதான். ஆனால் ஜார்ஜியா ஆளுநர் டிரூப் ஆயுதம் எடுப்போம் என்று மிரட்டியதும் பின்வாங்கினார். நிலம் போனது போனதுதான்.

கரிசல்மண்

ஒன்றையும் மறுக்கப்போவதில்லை. நீங்கள் சொன்ன 1831 நிகழ்ச்சிதான் எனக்கு அவரை முக்கியமானவராக்குகிறது. தனக்கு உடன்பாடில்லாத மனுவையும் கொண்டுபோய்க் கொடுத்தார். கொள்கைக்காக அல்ல, கேட்கும் உரிமைக்காக அவர் அவையில் எழுந்து நின்றார். அந்த உரிமையை மறுப்பதற்காக எதிர்த்தரப்பு எந்த எல்லைக்கும் போகிறது என்று பார்த்தபோதுதான் அடிமை முறை நாட்டை எவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கிறது என்று அவருக்கு முழுதாகப் புரிந்தது. அறுபத்தொன்பது, எழுபது வயதில் ஒருவர் மாறினார். முதுமையில் மனம் இறுகிப்போவதையே அதிகம் பார்த்திருக்கிறேன். இவருக்கு இளகியது.

பழங்குடியினர் விஷயத்தில் அவருக்குப் பிந்தி வந்த குற்றவுணர்வு உண்டு. 1841-ல் பழங்குடியினர் விவகாரக் குழுவின் தலைமையைக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கொள்கையை இந்த நாட்டின் கொடும் பாவங்களில் ஒன்றாக நாட்குறிப்பில் எழுதினார். கிரீக் மக்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதும் தெரியும்.

கீழைக்காற்று

சட்டம் படிக்கும் மாணவி நான். அமிஸ்டாட் வழக்கை யாரும் தொடவில்லையே என்று காத்திருந்தேன்.

1839-ல் கியூபா கரையோரம் அமிஸ்டாட் என்ற கப்பலில் 53 ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். நான்கு பேர் சிறுவர் சிறுமியர். மேற்கு ஆப்பிரிக்காவின் மெண்டே மக்களே பெரும்பாலும். செங்பே பியே என்பவர் தலைமையில் கப்பலைக் கைப்பற்றினார்கள். ஊர் திரும்ப முயன்றவர்களை லாங் ஐலண்ட் அருகே அமெரிக்கக் கடற்படை பிடித்துக் கனெக்டிகட் சிறையில் அடைத்தது. கீழ் நீதிமன்றம் அவர்களைச் சுதந்திர மனிதர்கள் என்றது. அதிபர் வான் பியூரனின் அரசு மேல்முறையீடு செய்தது.

1840 அக்டோபரில் அடிமை ஒழிப்பாளர்களான லூயிஸ் டாப்பனும் எல்லிஸ் கிரே லோரிங்கும் ஆடம்ஸின் வீட்டுக்கே வந்து வாதாடும்படி கேட்டார்கள். வயது 73. உச்ச நீதிமன்றத்தில் வாதாடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தயங்கினார். பிறகு கட்டணம் எதுவும் இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

சிறையில் இருந்த காலே என்ற பதினொரு வயதுப் பையன், புதிதாகக் கற்ற ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினான். நாங்கள் அமெரிக்க மொழி பேசவில்லை என்பதால் எங்களை அறிவில்லாதவர்கள் என்கிறார்கள், அமெரிக்கர்கள் மெண்டே மொழி பேசுவதில்லையே, அப்படியானால் அவர்கள் அறிவில்லாதவர்களா என்று கேட்டான். நாங்கள் என்ன தவறு செய்தோம் என்று நீதிமன்றத்தைக் கேளுங்கள் என்றான். ஆடம்ஸ் சட்டநூல்களில் தேடிய வாதமெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1841 பிப்ரவரி 24. உடன் வாதாடிய ராஜர் பால்ட்வின் சட்ட நுணுக்கங்களை முன்பே வைத்துவிட்டார். ஆடம்ஸ் நான்கரை மணி நேரம் பேசினார். நீதிமன்ற அறையில் தூணில் மாட்டியிருந்த சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டி, இவர்களுக்கு அதைத் தவிர வேறு சட்டம் எனக்குத் தெரியாது என்றார். அன்றிரவு நீதிபதிகளில் ஒருவரான பார்பர் உறக்கத்திலேயே இறந்துவிட்டார். வழக்கு மார்ச் 1-க்குத் தள்ளிப்போனது. அன்றும் நான்கு மணி நேரம் பேசி, முடிவில், தான் இளைஞனாக இங்கே வாதாட வந்தபோது எதிரே அமர்ந்திருந்த நீதிபதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மார்ஷல், குஷிங், சேஸ், வாஷிங்டன்... எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்த அறையில் அந்தப் பெயர்கள் எப்படி ஒலித்திருக்கும்!

மார்ச் 9-ல் நீதிபதி ஸ்டோரி தீர்ப்பை வாசித்தார். அவர்கள் சுதந்திர மனிதர்கள். உயிரோடு மிஞ்சிய 35 பேர் நவம்பரில் சியரா லியோனுக்குக் கப்பல் ஏறினார்கள்.

பனையோலை

தங்கையே, மிக அருமை. மறு ஆண்டே அவர் தானே குற்றவாளிக் கூண்டில் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். 1842 ஜனவரியில் ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த 46 பேர், இந்த ஒன்றியத்தையே அமைதியாகக் கலைத்துவிடுங்கள் என்று மனு அனுப்பினார்கள். அதை அவையில் வைத்து, ஏன் இதை ஏற்கக் கூடாது என்று விளக்கிப் பதில் எழுத ஒரு குழு அமைக்கும்படி கேட்டார். அவர் கேட்டது நிராகரிப்புக்கான பதிலைத்தான். ஆனால் தேசத்துரோகம் என்று குதித்தார்கள். கென்டக்கி உறுப்பினர் மார்ஷல் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்.

ஆடம்ஸ் எழுந்து, சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியை வாசிக்கும்படி எழுத்தரிடம் சொன்னார். மக்களின் உரிமைகளைக் காக்காத அரசை மாற்றவும் ஒழிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்ற வரி வரும்வரை விடாமல் வாசிக்கவைத்தார். இரண்டு வாரம் தனக்காகத் தானே வாதாடினார். பிப்ரவரி 7-ல் எதிரிகளே சலித்துப்போய், 106-க்கு 93 என்று தீர்மானத்தைக் கைவிட்டார்கள். வென்ற மறுகணம் ஓய்வெடுக்கப் போனாரா? கையில் மிச்சமிருந்த மனுக்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

தென்றல்வீடு

அவருடைய இறுதி நாட்களைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.

கரிசல்மண்

எழுதுகிறேன் அம்மா. 1846 மே மாதம் மெக்சிகோ மீது போர் அறிவிக்க அவையில் வாக்கெடுத்தபோது எதிர்த்தவர்கள் 14 பேர். ஆடம்ஸ் அவர்களில் ஒருவர். 1848 பிப்ரவரி 21 திங்கட்கிழமை, அந்தப் போரின் தளபதிகளுக்கு நன்றி சொல்லும் தீர்மானம் வந்தது. பெயர் கூப்பிட்டபோது உரத்த குரலில் "இல்லை" என்றார். சற்று நேரத்தில் ஏதோ பேச எழ முயன்றவர் நாற்காலியிலேயே சரிந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்து, சாய்விருக்கையோடு தூக்கிச் சபாநாயகரின் அறைக்குக் கொண்டுபோனார்கள். 23-ம் தேதி மாலை அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 80. முதல் முறையாக அவைக்கு வந்திருந்த இல்லினாய்ஸ் உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன் அப்போது அங்கே இருந்தார். அந்த மண்டபம் இன்று சிலைகள் வைத்த கூடமாகியிருக்கிறது. ஆடம்ஸின் மேசை இருந்த இடத்தில் தரையில் ஒரு வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி

வாய்ப்பூட்டு விதி எப்போது ஒழிந்தது என்று யாரும் சொல்லாமல் விட்டீர்கள். நான் சொல்கிறேன்.

1844-ல் கனெக்டிகட்டைச் சேர்ந்த தந்த வணிக நிறுவனம் ஒன்று ஆடம்ஸுக்கு ஒரு கைத்தடி அனுப்பியது. ஒரே யானைத் தந்தத்தில் கடைந்தது. தங்கத்தில் கழுகு ஒன்று பதித்து, அது பிடித்திருக்கும் சுருளில் "மனு உரிமை வென்றது" என்று எழுதியிருந்தார்கள். ஆனால் விதி இன்னும் ஒழியவில்லை. அதனால் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஒழியும் நாளில் அதைப் பொறித்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் வேண்டுகோள். விலையுயர்ந்த அன்பளிப்புகளைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. கைத்தடியைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார்.

அந்த ஆண்டின் இறுதியில் விதியை நீக்கும்படி அவர் மீண்டும் தீர்மானம் கொண்டுவந்தார். 108-க்கு 80 என்று நிறைவேறியது. நாட்குறிப்பில் கடவுளின் பெயரை வாழ்த்தி ஒரு வரி எழுதினார். பிறகு தேதியைப் பொறிக்கச் செய்தார். 1844 டிசம்பர் 3.